அண்ணாவுக்குப் பல் வருத்தம்

பெரியம்மாவின் மகன், என் அண்ணா, வன்னியிலிருந்து எங்கள் வெள்ளவத்தை பிளாட்டுக்கு வந்தபோது அவருக்குப் பதினான்கு வயது, எனக்கு ஏழு. அங்கே இயக்கம் சண்டைக்கு வீட்டுக்கொரு பிள்ளை கேட்கத் தொடங்கியிருந்தது. அது எனக்குச் சொல்லப்படவில்லை. பொலிஸ் பதிவுத் தாளில் கொழும்புக்கு வந்த காரணம் கேட்டிருந்தார்கள். அம்மா ‘பல் வருத்தம்’ என்று, பல்வலிக்கு வைத்தியம் பார்க்க வந்ததாக எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் குடும்பத்திலேயே நல்ல பல் அண்ணாவுக்குத்தான். கதவு தட்டினால் கன்னத்தைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். பேப்பர்காரன் வந்தாலும் அண்ணா பொத்திக்கொள்வார்.

அவர் பள்ளிக்கூடத்துப் பாண்ட் வாத்தியக் குழுவில் ட்ரம் அடித்தவர். அம்மா இல்லாத நேரம் பிஸ்கற் தகரத்தைத் தட்டியபடி ஹோலில் மார்ச் பண்ணிக் காட்டுவார். எனக்குப் பெருமை தாங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செக்கிங் வந்தார்கள். ஒரு பொலிஸ் அதிகாரி, துவக்கோடு இரண்டு ஆமிக்காரர். அண்ணா கன்னத்தைப் பொத்தினார். அதிகாரி குனிந்து, இயக்கத்துப் பயிற்சித் தழும்பு தேடி அவருடைய முழங்கால்களைப் பார்த்தார். அம்மா பதிவுத் தாளை நீட்டினார். வீட்டில் சிங்களம் நன்றாகத் தெரிந்தவள் நான்தான். என் வாயும் சும்மா இருக்காது. அண்ணாவைப் பெரிய ஆளாகக் காட்ட நினைத்து, அவருக்கு நன்றாக மார்ச் பண்ணத் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

அதிகாரி நடக்கச் சொன்னார். அண்ணா அம்மாவைப் பார்த்தார். பிறகு நடந்தார். கன்னத்திலிருந்த கை இறங்கியது. இரண்டு கைகளும் வயிற்றுக்கு முன்னால் இல்லாத ட்ரம்மைத் தாமாகவே தட்டின. அதிகாரி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பாண்ட் எகேத மல்லி?” பாண்டிலா தம்பி என்று கேட்டார். அண்ணா தலையாட்டினார். தாளை மடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கதவைப் பூட்டிய கையோடு அம்மா என் தொடையில் நுள்ளினார். “கொண்டுபோயிருந்தாங்களெண்டா அக்காவுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?” என்று அழுதார். புகழ்ந்ததற்கு நுள்ளு வாங்கிய கோபம் எனக்கு.

பின்னேரம் அண்ணாவிடம் போனேன்.

“உங்கட பாண்டில எத்தினை பேர்?”

“பன்ரெண்டு.”

“மற்ற ஆக்கள் எங்கை?”

“இயக்கத்துக்கு எடுத்திட்டினம். பாண்ட் பெடியளுக்கு மார்ச் பண்ணப் பழக்கத் தேவையில்லையெண்டு முதல் எங்களிட்டத்தான் வந்தவை. எனக்கு அண்டைக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் போகேல்லை.”

அவர் அழுதுகொண்டிருந்தார். பதினொரு பேரை எடுத்துவிட்டு இவரை மட்டும் விட்டுவிட்டார்களே என்று எனக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது. முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

“அழாதேங்கோ அண்ணா. அடுத்த முறை கட்டாயம் உங்களை எடுப்பினம்.”