பாட்டு மிஸ் கணக்கு மிஸ் ஆனது

போர்ட் சயீதின் அந்தப் பெண்கள் பள்ளியில் இன்ஷிராஹ்வை எல்லோரும் பாட்டு மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். பாட்டு அவரைத் தேடி வரவில்லை, அவரும் அதைத் தேடிப் போகவில்லை. பள்ளி இறுதித் தேர்வில் அவர் கணக்கில் வாங்கிய மார்க்கைப் பார்த்துவிட்டு, கல்லூரி இடம் ஒதுக்கும் அலுவலகம் அவரை இசை ஆசிரியர் படிப்பில் தூக்கிப் போட்டது. எகிப்தில் அப்படித்தான். மார்க் எங்கே தள்ளுகிறதோ அங்கே போய் விழ வேண்டும், பிடித்திருக்கிறதா என்று கேட்க நாதி கிடையாது. திறன் தேர்வு என்று பெயருக்கு ஒன்று வைத்தார்கள். தாளத்துக்குக் கை தட்டச் சொன்னார்கள். தட்டினார், சேர்த்துக்கொண்டார்கள்.

காலை அணிவகுப்பில் அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு தேசிய கீதத்தை மட்டும் பிசகாமல் வாசிப்பார். மற்ற பாட்டெல்லாம் கடவுள் விட்ட வழி.

தேர்வு நெருங்கினால் போதும், கணக்கு வாத்தியார் மிஸ்டர் வக்தி வந்து வாசலில் நிற்பார். “மிஸ், இந்த பீரியட் எனக்கு. பாடம் முடியலை” என்பார். கேட்கிற தொனியே இருக்காது. பாட்டு பீரியடும் படம் வரைகிற பீரியடும் ஊர்ப் பொதுச் சொத்து, யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் கால அட்டவணையில் அவர் பெயர் இருப்பதால் மிஸ் வகுப்பை விட்டு வெளியேறவும் கூடாது. அக்கார்டியனை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். முதல் வருஷம் ஸ்வெட்டர் பின்னினார். அடுத்த வருஷம் தூங்கினார். அப்புறம் வேறு வழி இல்லாமல் பாடத்தைக் கவனித்தார்.

கவனித்தால், பாதி புரிந்தது. சின்ன வயதில் பேயாக விரட்டிய கணக்கு, பரீட்சை இல்லாத இடத்தில் பார்த்தால் சாதுவாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் அன்றைக்கு நடந்த கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கத் தொடங்கினார். விடை சரியாக வந்தால் அடுப்படியில் தனியாக நின்று சிரித்துக்கொள்வார். அக்கார்டியன் அவரை ஒரு நாளும் அப்படிச் சிரிக்க வைத்ததில்லை.

புரியாத பாதிக்காக ஒரு நாள் கையைத் தூக்கிவிட்டார்.

“மிஸ்டர், சமக்குறிக்கு அந்தப் பக்கம் போனா ப்ளஸ் ஏன் மைனஸ் ஆகுது?”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. வக்தியும் சிரித்தார். “மிஸ், நம்ம ஊர் சுங்க கேட் தெரியும்ல? சமக்குறியும் அந்த மாதிரிதான். கேட்டைத் தாண்டுற சரக்கு வரி கட்டணும், சமக்குறியைத் தாண்டுற எண்ணு குறி மாத்தணும். எழுதிக்கங்க, மனப்பாடம் பண்ணிக்கங்க.”

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஊருக்குள் வாங்குகிற சரக்குக்கு வரி கிடையாது, வெளியூருக்குக் கொண்டுபோனால் உண்டு. வரிக்குப் பயந்து மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க அந்த கேட்டைத் தாண்டாதவர் போர்ட் சயீதில் யார்? உதாரணம் பசை போல ஒட்டிக்கொண்டது. வந்த வினையே அதுதான்.

அந்தக் கோடையில் நஹ்லா கணக்கில் தோற்றாள். இன்ஷிராஹ் குடியிருந்த கட்டடத்தில் கீழ்மாடிக்காரி, வக்தியின் வகுப்புதான், நடுநிலைப் பள்ளியின் கடைசி வருஷம். ஆகஸ்டில் இரண்டாம் முறை எழுதலாம். அதிலும் தோற்றால் துணித் தொழிற்சாலையில் வேலைக்குப் போக வேண்டும் என்று அவள் மாமா முடிவு கட்டி, மேஸ்திரியிடம் சொல்லியும் வைத்துவிட்டார். அவள் அம்மாவுக்கு ஊர் வழக்கப்படி உம் நஹ்லா, அதாவது நஹ்லாவின் அம்மா, என்றே பெயர். அதே தொழிற்சாலையில் காலர் தைப்பவர். மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

“மிஸ், நான் காலர் தைக்கிறது போதாதா, அவளும் தைக்கணுமா? நீங்க படிச்சவங்க. மிஸ்டர் வக்தி கிட்ட ட்யூஷன் அனுப்ப எனக்கு வக்கில்ல. நீங்க சொல்லிக்கூடத் தர வேணாம். பக்கத்துல உக்காந்து அவ தூங்காம பாத்துக்குங்க, போதும்.”

“எனக்குக் கணக்கு வராதும்மா” என்றார் இன்ஷிராஹ்.

“அவளுக்கும்தான் வராது. ஒண்ணுக்கொண்ணு துணையா இருங்க.”

மறுநாள் நஹ்லா வந்தாள். பேச்சில் சூறாவளி, பேனாவைப் பிடித்தால் செத்த மீன். மூன்று எக்ஸ் சமம் பன்னிரண்டு என்றால் எக்ஸ் என்ன என்று இன்ஷிராஹ் கேட்டார். பெண் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள்.

“அந்த மூணு, கேட்டைத் தாண்டுது. தாண்டினா குறி மாறணும். மைனஸ் மூணு. பன்னிரண்டை மைனஸ் மூணால வகுத்தா, மைனஸ் நாலு.”

இன்ஷிராஹ்வுக்கு அது பழகிய விடை. இதே தவறைத்தான் அவரும் செய்திருந்தார், இந்த வயதில், பரீட்சைத் தாளில், ஒன்று விடாமல் எல்லாக் கணக்கிலும். வக்திக்கு இது முட்டாள்தனமாகத் தெரியும். சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். அந்த முட்டாள்தனத்துக்குள் குடியிருந்தவருக்குத்தானே அதன் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியும்?

“கேட்டை விடு. மீன் கடைத் தராசு தெரியும்ல? ஒரு தட்டுல ஒரே அளவுல மூணு மீன், இன்னொண்ணுல பன்னிரண்டு கிலோ படிக்கல். சமமா நிக்குது. ஒரு மீன் எவ்வளவு?”

“நாலு கிலோ. இதுகூடவா தெரியாது?”

“மைனஸ் நாலு கிலோ இல்லையா?”

“மைனஸ் நாலு கிலோ மீனை யாரு மிஸ் விப்பா?” என்று சிரித்த பெண், பாதிச் சிரிப்பில் நின்றாள். தாளைப் பார்த்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள். “அந்த மீன்தான் எக்ஸா?”

“அதேதான்.”

“இதை ஏன் மிஸ் யாருமே சொல்லலை?” நஹ்லாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னைக் கேட்டால், அது நியாயமான கோபம்.

அன்றிலிருந்து எதையும் தாண்ட விடவில்லை. ஒரு தட்டில் எடுத்தால் மற்றத் தட்டிலும் எடு, இங்கே பங்கு போட்டால் அங்கேயும் போடு. தெரியாததை இன்ஷிராஹ் தெரியாது என்றே சொன்னார், புத்தகத்தைப் பிரித்து இருவரும் சேர்ந்து முட்டிக்கொண்டார்கள்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சமக்குறி இல்லாத கணக்கு ஒன்று வந்தது. மைனஸ் இரண்டு எக்ஸ், ஆறைவிடச் சின்னது. இரண்டு பக்கத்தையும் மைனஸ் இரண்டால் வகுத்து, எக்ஸ் மைனஸ் மூன்றைவிடச் சின்னது என்று இன்ஷிராஹ் அடித்துச் சொன்னார்.

நஹ்லா நகத்தைக் கடித்தாள். “இல்ல மிஸ், தப்பு. எக்ஸ் சைபர்னு வச்சுக்குங்க. மைனஸ் ரெண்டு சைபரும் சைபர்தான், ஆறைவிடச் சின்னது, சரியா வருது. ஆனா சைபர் மைனஸ் மூணைவிடப் பெருசாச்சே? உங்க விடைப்படி சைபர் வரவே கூடாது.”

இன்ஷிராஹ் மறுபடி போட்டுப் பார்த்தார். புத்தகத்தின் விடையில் ‘சின்னது’ குறி ‘பெரியது’ என்று திரும்பியிருந்தது. “ஆமாடி. நீ சொல்றதுதான் சரி. நான்தான் தப்பு.”

வேலை முடிந்து வாசலில் வந்து நின்ற உம் நஹ்லாவின் காதில் கடைசி இரண்டு வார்த்தைதான் விழுந்தது.

“தப்பா? ஒரு வாரம்கூட இல்ல, இப்பவா தப்பு? மிஸ்ஸே தப்புப் போட்டா எம்பொண்ணு என்னத்தப் போடுவா! எந்திரிடீ. என் வளையலை வித்தாவது வக்தி கிட்ட சேத்துடுறேன். தப்பு என்மேல மிஸ், அக்கார்டியன் வாசிக்கிறவங்க கிட்டக் கொண்டாந்து விட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!”

அந்த அம்மாள் சொன்னதில் என்ன பொய்? நம்மை நம்பி இந்தப் பெண் தையல் மெஷினில் போய் உட்கார்ந்தால் என்ன செய்வது என்று நினைத்தார் இன்ஷிராஹ். “போ கண்ணு. அம்மா சொல்றது நியாயம்தான்” என்றார்.

நஹ்லா எழுந்திருக்கவில்லை.

“மா, தப்புன்னு கண்டுபிடிச்சது யாருன்னு கேளேன். நான்! வக்தி சார் க்ளாஸ்ல ஒரு வருஷம் உக்காந்திருந்தேன், அவர் தப்பே போடல. எனக்கு ஒரு எழவும் புரியல. இங்க மிஸ் தப்புப் போட்டாங்க, நான் பிடிச்சேன். நான், மா! இந்தக் குறி ஏன் இப்படித் திரும்புதுன்னு தெரியாம இந்த எடத்தைவிட்டு நகர மாட்டேன்.”

உம் நஹ்லா பொட்டென்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “சரி, சீக்கிரம் கண்டுபிடிச்சுத் தொலைங்க. எனக்கும் சொல்லுங்க” என்றார்.

சாயங்காலம் முழுக்க ஆயிற்று. மைனஸால் வகுத்தால் பெரியது சின்னதாகிவிடும், சின்னது பெரியதாகிவிடும், அதனால்தான் அங்கே குறி திரும்புகிறது என்று கண்டுபிடித்தது அந்தப் பெண்தான். மிஸ் தலையாட்டியதோடு சரி.

முடிவு வந்த அன்று உம் நஹ்லா போட்ட குலவையில் எதிர்வீட்டு மர பால்கனிகளில் தலைகள் முளைத்தன. நஹ்லா தேறிவிட்டாள், நல்ல மார்க்கிலேயே. மாமாவிடம் மேஸ்திரிக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லியாயிற்று. இன்ஷிராஹ் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அழுதார். மகிழ்ச்சிதான், ஆனால் தன் பதினைந்து வயதுக்காகவும் கொஞ்சம் சேர்த்து அழுதார்.

உம் நஹ்லா சும்மா இருக்கிற பேர்வழியா? தொழிற்சாலைத் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்து, தெருவின் இந்தப் பக்க பால்கனிக்கும் அந்தப் பக்கத்துக்கும் குறுக்கே ஒரு பேனரைக் கட்டிவிட்டார். ஊரில் ட்யூஷன் வாத்தியார்கள் எல்லோருக்கும் பேனர் உண்டு, ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு பாடத்துக்குச் சக்கரவர்த்திதான். இதில், ‘கணக்கின் மகாராணி மிஸ் இன்ஷிராஹ், மூன்றாம் மாடி’ என்று இருந்தது.

“ஐயோ, மானம் போச்சு!” என்று அதை அவிழ்க்க மிஸ் படியிறங்கி ஓடினார். தலைமையாசிரியை கண்ணில் பட்டால் என்ன ஆவது! ஆனால் முதல் மாடியைத் தாண்ட முடியவில்லை. படி நெடுக பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், தோற்றவர்கள், தோற்கப் போகிறவர்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

இன்ஷிராஹ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போ என்று சொல்ல வாய் வரவில்லை.

“இங்க பாருங்கடீ, நான் தப்புத் தப்பாப் போடுவேன். நீங்கதான் பிடிக்கணும். பிடிக்க முடியாதவங்க வக்தி சார் கிட்டப் போயிடுங்க.”

யாரும் நகரவில்லை. கீழ்ப்படியில் இருந்து ஒரு குரல் மட்டும் அழுகிற மாதிரி வந்தது. “மிஸ், எனக்கு ஒண்ணுமே புரியாதே, நான் எப்படிப் பிடிப்பேன்?”

“ஒண்ணுமே புரியாதா?” இன்ஷிராஹ் மற்றப் பெண்களை ஒதுக்கிவிட்டு அவளுக்குக் கை நீட்டினார். “அப்ப நீ என் பக்கத்துல உக்காரு.”