ஏழாம் தொட்டியின் நூற்றெட்டு

மதுராந்தகத்துக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் கூடத்தில் பதினோரு வருடமாக உதவியாளராக இருக்கும் பொன்னிக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. அவள் எண்ணினால் தப்பாது. கடப்பாக்கத்தில் அப்பாவின் வலையிலிருந்து கொட்டும் மீனை எண்ணிப் பழகிய கண் அது. பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டதையும் அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இந்த மழைக்காலத்தில் அந்தக் கர்வத்துக்கு வேலை வந்தது. ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலேறி வரும் ஆராய்ச்சி மாணவி மீரா, எட்டுத் தொட்டிகளில் தொட்டிக்கு ஒன்றாகத் தலைப்பிரட்டை வளர்த்தாள். அந்தத் துளியூண்டு மூளையின் தண்டில் மூச்சுக்கு இரண்டு தாளம் உண்டாம். செவுளுக்குத் தண்ணீர் தள்ளும் தாளம் முதலிலேயே ஓடத் தொடங்கிவிடும். நுரையீரலுக்குக் காற்று தள்ளும் தாளம் உள்ளே அடங்கிக் கிடந்து, வளர வளரத்தான் தலைதூக்கும். தூக்கிவிட்டதா என்று தெரிய, ஒவ்வொன்றும் அரை மணி நேரத்தில் எத்தனை முறை மேலே வந்து காற்றை விழுங்குகிறது என்று எண்ண வேண்டும். ஆய்வேட்டில் 'எண்ணியவர்: பொன்னி' என்று அச்சில் வரும் என மீரா வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த ஒரு வரிக்காகப் பொன்னி ஞாயிற்றுக்கிழமைகூட வந்தாள்.

விரலில் மோதிரம்போல மாட்டி அழுத்தும் சிவப்புக் கவுண்டர் ஒன்று அவளிடம் இருந்தது. மேல்மருவத்தூருக்கு மாலை போட்டிருந்தவள், தினமும் நூற்றெட்டு 'ஓம் சக்தி' சொல்ல வாங்கியது. தலைப்பிரட்டைக்கும் அதுவே.

செவ்வாய்க்கிழமை ஏழாம் தொட்டியை எண்ணி முடித்துவிட்டுக் காத்திருந்தாள். மீரா வரவில்லை. கை சும்மா இருக்குமா? உதடு பாட்டுக்கு 'ஓம் சக்தி' சொல்ல, கட்டைவிரல் பாட்டுக்கு அழுத்தியது. நூற்றெட்டைத் தொட்டதும் கும்பிட்டாள். அந்நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்க, கவுண்டரைத் தொட்டிப் பக்கம் வைத்துவிட்டுக் குடத்தோடு ஓடினாள். பிறகு வந்த மீரா, வழக்கம்போலக் கவுண்டரைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் மீராவின் கால் தரையில் நிற்கவில்லை. "பொன்னிக்கா! ஏழாம் நம்பர் அரை மணியில நூத்தியெட்டு வாட்டி காத்து குடிச்சிருக்கு! கால்கூட முளைக்கல! எங்க கைடு சதாசிவம் சார்கிட்ட சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை நேர்லயே வர்றார்!"

நூற்றெட்டு என்று காதில் விழுந்ததுமே பொன்னிக்கு விஷயம் புரிந்துவிட்டது. மதியம் புளிசாத டப்பாவைத் திறந்தாள். சொல்லாவிட்டால் இந்தப் பெண் சார் முன்னால் அவமானப்படும். சொன்னால் அச்சில் வரப்போகும் பேர் போச்சு. டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள்.

"மீராம்மா, அது தலைப்பிரட்டை இல்ல. நான் சொன்ன ஓம் சக்தி. கவுண்டர அழிக்காம சொல்லிகினு இருந்துட்டேன். அது மேல வந்தது ரெண்டே வாட்டி. ஒண்ணு இந்த மூலையில, இன்னொண்ணு பாசிகிட்ட. இன்னா வேணா திட்டு."

மீரா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திங்கட்கிழமை வரைக்கும் இது ஒரு வாட்டிகூட வரலையே?"

"வர்ல. நேத்துதான் மொத மொதல்ல."

மீராவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு 108ஐ அடித்துவிட்டு 2 என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை வந்த சதாசிவம் கதையைக் கேட்டுத் தொப்பை குலுங்கச் சிரித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டதும் முகம் மாறியது. "சரிம்மா. இந்த ரெண்டை மட்டும் எப்படி நம்புறது?"



"கையில வந்த நூத்தியெட்டை வேணாம்னு சொன்னவங்க எண்ணின ரெண்டு, சார்," என்றாள் மீரா.

அவர் நோட்டில் அடித்திருந்த 108ஐயும் பக்கத்திலிருந்த 2ஐயும் பார்த்தார். "அப்ப பேரை இனிஷியலோட போடும்மா," என்றார்.

பொன்னிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. தொட்டியைத் துடைப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் உறைத்தது. செவ்வாய்க்கிழமை அம்மனுக்கு இரண்டு குறைந்திருக்கிறது.

கவுண்டரைக் கழற்றி வைத்துவிட்டு, ஏழாம் தொட்டியருகே நின்று அந்த இரண்டையும் சொல்லி முடித்தாள்.