சந்தனம் பூசிய அன்ரெனா

கைபேசி சிக்னல் எட்டாத தூரத்தில் நிற்கும் படகு, தான் எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்ல வேண்டும். அதற்கான அன்ரெனாவை வடிவமைப்பதுதான் என் ஆராய்ச்சி. பார்த்தால் உள்ளங்கையளவு செப்புத் தகடு, அவ்வளவுதான். அதற்காக யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஆய்வுகூடத்தில் நான் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல.

பருத்தித்துறையில் ஒரு அண்ணை தன் படகில் அதைப் பூட்டச் சம்மதித்தார். உண்மையில் சம்மதித்தது அவருடைய மனைவி. அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "இவர் போனா, திரும்பி வாற வரைக்கும் வயித்துக்கை நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறன் பிள்ளை. பூட்டுங்கோ" என்றார். அந்தச் சொல்லுக்காகவாவது அது வேலை செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

முதல் நாள் காலை அக்காவின் முற்றத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்தோம். படகு சிறிது தூரம் போனதுமே திரையில் அதைக் காட்டிய புள்ளி மறைந்துவிட்டது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை வந்து சேரும்வரை இருவரும் திரையை விட்டு எழவில்லை.

படகு கரை தட்டியதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். தகடு முழுக்கச் சந்தனம், நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. கடல் தண்ணீர் பட்டு எல்லாம் சொதசொதவென்று கிடந்தது. இப்படி ஈரம் அப்பிக்கொண்டால் அன்ரெனா தன் அலைவரிசையிலிருந்து நழுவிவிடும். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"உதிலை ஆர் பூசினது?"

"நான்தான் பிள்ளை" என்றார் பின்னாலேயே வந்த அக்கா. "புது எஞ்சின் பூட்டேக்கையும் பூசினனான். அவரோடை கடலுக்குப் போற சாமானெல்லே?"

இனிப் பூச வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. அன்ரெனாவை மாற்றுவது எனக்குச் சுலபம்.

தகட்டுக்கு மேலே நாலு விரல் இடைவெளி விட்டு ஒரு பிளாஸ்டிக் மூடி செய்தேன். அதில் நானே சந்தனம் குழைத்துப் பூசி, தண்ணீர் தெளித்து அளந்து பார்த்தேன். "கும்பாபிஷேகம் எப்ப?" என்று கூட வேலை செய்தவர்கள் நக்கலடித்தார்கள். அடிக்கட்டும். அளவுகள் பெரிதாக மாறவில்லை.

அடுத்த முறை அக்கா அந்த மூடியில் ஆசைதீரப் பூசினார். புள்ளி மறையவில்லை. வெகுதூரம் போய், நெடுநேரம் ஓரிடத்தில் நின்று, பிறகு மெல்லக் கரைப்பக்கம் திரும்பியது. அக்கா சட்டென்று எழுந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"உலை வைக்கப் போறன். கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருஷம். அவர் வாறார் எண்டு தெரிஞ்சு உலை வைக்கிறது இண்டைக்குத்தான்."