பூசாரி வைத்த கைரேகை

மலாயாவில் வெள்ளைக்காரன் ஆட்சியில் போட்ட அவசரகாலத்தின்போது ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்த சம்பவம் இது. எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். வயிற்றில் மூத்தவன் ஏழு மாதம். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி, வாசலில் துப்பாக்கியோடு காவல். அரிசி அளந்துதான் கிடைக்கும். வேலைக்குப் போகும்போது ஒரு பிடி சோறுகூட வெளியே போகக் கூடாது. காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம்.

தோட்டத்தில் எங்களுடையது ஒன்றுதான் கிறிஸ்தவக் குடும்பம். என் வீட்டுக்காரர் மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறவர். உழைப்பாளி, குடி கிடையாது, கை நீட்டமாட்டார். ஒரே குறை, வாய் ஓயாது. ஊரையே பரலோகத்துக்கு அனுப்பி வைக்கிற பொறுப்பைக் கடவுள் இவர் ஒருவரிடம்தான் கொடுத்திருக்கிறார் என்று நினைப்பு. தண்ணீர்க் குழாயடி, சம்பள வரிசை, சாவு வீடு, எங்கே நாலு பேர் நின்றாலும் பிரசங்கம்தான். இவர் தலை தெரிந்தால் ஆட்கள் வாளியை விட்டுவிட்டுக்கூட ஓடுவார்கள்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாரியம்மன் கோயில் பூசாரி குடும்பம். அவரும் மரம் வெட்டுகிறவர்தான், பூசை மாலையில். இவர்கள் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். பூசாரி மணி அடித்தால் இவர் பாட்டை ஆரம்பிப்பார், இவர் பாடினால் அவர் இன்னும் ஓங்கி அடிப்பார். நடுவில் எனக்குத்தான் தலைவலி. பூசாரி சம்சாரமோ தங்கமான மனுஷி. வெள்ளிக்கிழமை தவறாமல் சுண்டல் கொண்டு வருவார். வாசலிலேயே இவர் ஒரே கேள்வி கேட்பார்: "படைச்சதா?" ஆமாம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த அக்கா முகம் சுருங்கிப்போகும். பிறகு அடுப்படிப் பக்கமாக அதே சுண்டல் எனக்கு வந்து சேரும். பிள்ளைத்தாய்ச்சிக்கு எந்தச் சாமி சுண்டலாக இருந்தால் என்ன? நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மனிதர்கள் காதுகொடுக்கவில்லை என்றதும் இவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. மரம் வெட்டுகிறவன் ஒவ்வொரு மரத்துக்கும் முன்னால் போய் நின்றுதானே ஆகவேண்டும்? மரமே பிரசங்கம் பண்ணினால் எங்கே ஓடுவான்? சிரம்பானில் சபையார் கொடுத்த அச்சடித்த தாள்கள் ஒரு கட்டு வைத்திருந்தார். ரப்பர் மரத் தொகுதியையும் நாங்கள் காடு என்றுதான் சொல்வோம். எங்கள் தோட்டத்தில் ஒருநாள் ஒரு காடு, மறுநாள் இன்னொரு காடு என்று மாற்றி மாற்றி வெட்டுவார்கள். இவர் தன் மரங்களை வெட்டிவிட்டு, பால் வடிகிற நேரத்தில் மறுநாள் வெட்டப்போகும் காட்டுக்குள் நைசாகப் புகுந்து, மரத்துக்கு மரம் ஒரு தாளைக் கட்டிவிட்டு வந்துவிட்டார். என்னிடம்கூட மூச்சுவிடவில்லை.

அந்த மனிதர் ஒரே ஒரு விஷயத்தை யோசிக்கவில்லை. அந்தக் காலத்தில் ரப்பர் மரத்தில் தாள் ஒட்டுகிறவர்கள் காட்டுக்குள் இருந்தவர்கள் மட்டும்தான். அதைப் படித்தால் போலீஸ் பிடிக்கும். கிழித்தால் காட்டிலிருந்து ஆள் வரும். அதனால் மரத்தில் வெள்ளையாக எதையாவது பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓடிவிட வேண்டும். இது தோட்டத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

மறுநாள் காலையில் அதுதான் நடந்தது. போன வேகத்தில் மொத்த ஜனமும் உளியும் வாளியுமாகப் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கே திரும்பி ஓடிவந்தது. ஒருவர்கூட ஒரு வரி படிக்கவில்லை. கூட்டத்தோடு என் வீட்டுக்காரரும் ஓடிவந்தார். அவருக்கு அன்று மேட்டுப் பக்கம் வேலை. "காட்டுக்காரன் தாள் கட்டிட்டான்" என்ற சத்தம் மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது. வந்தவர் களத்தில் முழங்கால் போட்டு, கம்யூனிஸ்டுகளின் கையிலிருந்து எங்களைக் காப்பாற்றும் ஆண்டவரே என்று சத்தமாக ஜெபம் செய்ய ஆரம்பித்துவிட்டார். தன் தாளைப் பார்த்துத்தான் ஊரே ஓடுகிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பயத்தில் நாலைந்து பேர் ஆமென்கூடச் சொன்னார்கள். இத்தனை வருஷத்தில் அவர் ஜெபத்துக்கு அவ்வளவு ஆமென் விழுந்தது அன்றுதான்.

கொஞ்ச நேரத்தில் பட்டாளத்து லாரி வந்து நின்றது. ஒரு மலாய்க்கார போலீஸ் அதிகாரி இறங்கினார். மரத்திலிருந்து எடுத்துவந்த தாள் ஒன்றைக் கட்டியிருந்த துணியோடு தூக்கிக் காட்டி, இது யார் வேலை என்று கேட்டார். தோட்ட ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி அதைத் தமிழில் சொன்னார். சத்தம் கேட்டு வீட்டிலிருந்து மூச்சு வாங்க வந்து சேர்ந்த நான், தாளைப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்தேன். மாம்பழ மஞ்சள், ஓரத்தில் பச்சைக் கரை. ஒரு வாரமாக வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தேன்.

"அடப்பாவி மனுஷா, அது என் கல்யாணச் சேலை!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. களமே என்னைப் பார்த்தது. நான் பார்த்தது முழங்காலில் இருந்தவரை. அவர் முகத்தில் அப்போதுதான் விஷயம் புரிய ஆரம்பித்தது.

கிராணி தாளைப் படித்துப் பார்த்துவிட்டு, சாமி விஷயம்தான் என்று எடுத்துச் சொன்னார். அதிகாரி நம்பவில்லை. சாமி விஷயமென்றால் திருட்டுத்தனமாக எதற்கு? அதுவும் காட்டோரத்தில் எதற்கு? இவரைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். அந்த லாரியில் ஏறியவர்களில் சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிட்டதைப் பார்த்திருக்கிறோம். பிள்ளை பிறக்கும்போது அப்பன் எந்தக் கரையில் இருப்பானோ என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்து புருஷனைக் காட்டிக்கொடுத்தவளே நான்தானே.

இவன் நல்லவன் என்று தெரிந்த ஆள் யாராவது கைரேகை வைத்துப் பொறுப்பேற்கலாம், நாளைக்கு ஏதாவது நடந்தால் அவரும் இதே லாரியில் ஏற வேண்டும் என்றார் அதிகாரி. யாரும் அசையவில்லை. எனக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. அவரவருக்குப் பிள்ளை குட்டி இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தவர் பூசாரி.

"ஐயா, நான் இவரு பக்கத்து வீடு. நடுவுல ஒரு பலகைதான் லா. காட்டுக்காரனுக்கு ஒத்தாசை பண்றவன் கமுக்கமா இருப்பான். இந்த மனுசன் என்னைக்குக் கமுக்கமா இருந்தாரு? என்னை நரகத்துக்கு அனுப்பாம ஒருநாள் தூங்குனதில்ல!"

கிராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு மலாயில் சொன்னார். அவ்வளவுதான், எல்லாருக்கும் வாய் திறந்துகொண்டது. குழாயடியில் வாளி நிறைகிறவரை விடமாட்டார் என்றாள் ஒருத்தி. என் மாமியார் சாவிலேயே பாட்டுப் பாடினார் ஐயா என்றார் ஒருவர். எல்லாம் குற்றச்சாட்டுதான். ஒவ்வொரு குற்றச்சாட்டும் அவரை விடுவித்துக்கொண்டிருந்தது.

பூசாரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. இவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை முதலிலிருந்து, கையை ஆட்டி, நடுவில் இவர் இருமுகிற இருமல் உட்பட, நடித்தே காட்ட ஆரம்பித்தார். விபூதிப் பட்டையோடு ஒருவர் மனந்திரும்பச் சொல்லி மிரட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன். பாதியில் ஓரிடத்தில் அவர் தடுக்கினார். உடனே லாரியின் மேலிருந்து, கை கட்டப்பட்டிருந்த என் புருஷன், "அப்படியில்ல, அதுக்கு முன்னால ஒரு வசனம் வரும்" என்று திருத்தினார்!

அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "சுடா லா, தூருன்!" போதும், இறங்கு என்று அர்த்தம். ஆனாலும் கைரேகை வேண்டும் என்றார். பூசாரி தயங்காமல் விரலை நீட்டினார். மையோடு நேற்றைய குங்குமமும் சேர்ந்து தாளில் சிவப்பாக விழுந்தது. அவருக்குப் பின்னால் கைரேகை வைக்க ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது.

கட்டிய தாளையெல்லாம் இவரே அவிழ்க்க வேண்டும் என்பது தண்டனை. அவிழ்க்க லயமே கூடப் போனது. இனிமேல் பயமில்லை என்று சிலர் அங்கேயே நின்று படித்தார்களாம். பிறனை நேசிக்கச் சொல்லித்தான் அதில் அச்சடித்திருந்தது. "இவ்வளவுதானா? இதை நேரா சொல்லியிருந்தா நாங்க ஓடியிருக்கமாட்டோமே" என்றாராம் பூசாரி. என் சேலைத் துண்டுகளைச் சுருட்டி என்னிடமே கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு மூத்தவனுக்கு அவைதான் இடுப்புத்துணி.

அன்று வெள்ளிக்கிழமை. பொழுது சாய்கிற நேரம் பூசாரி சம்சாரம் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றார். இவர் கேட்பார் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, அவரே, "படைச்சதுதான் தம்பி" என்றார், பாவம். இவர் எழுந்துபோய் இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கினார். தின்னத் தின்னக் கண்ணில் நீர் வழிந்தது. முடித்துவிட்டுத்தான் கேள்வி கேட்டார்: "இன்னும் கொஞ்சம் இருக்கா அக்கா?"

கடைசிவரை அவர் ஊழியத்தை விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வீட்டு வாசலை மிதித்தால், முதலில் காய்ச்சலா, சாப்பாடு ஆச்சா என்று விசாரிப்பார். பிறகுதான் ஆண்டவர். இப்போது எங்கள் சபைப் பிள்ளைகள் கை நிறையத் தாள்களோடு ஊழியத்துக்குக் கிளம்பும்போது நான் ஒன்றுதான் கேட்கிறேன்: உன் பக்கத்து வீட்டுக்காரர் உனக்காகக் கைரேகை வைப்பாரா, நீ அவருக்காக வைப்பாயா?