மாடு வரக்கூடாத அறை

வெறும் தண்ணீர் ஊற்றிய டியூபிலும் மாட்டின் டி.என்.ஏ. தெரிந்ததை லோகநாயகி இரண்டு முறை சரிபார்த்தாள்.

அது 1997. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் ரயிலேறி, நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி உதவியாளராக அவள் வேலைக்குப் போய்வந்த காலம். பேராசிரியர் பார்த்தசாரதிக்கு வெளிநாட்டு நண்பர் ஒருவர், குகையில் கிடைத்த காட்டெருதின் பல் ஒன்றைத் தந்திருந்தார். மனிதன் மாடு வளர்க்கத் தொடங்குமுன் வாழ்ந்த விலங்கின், பல்லாயிரம் வருஷத்துப் பல். ஐரோப்பாவில் இன்றும் உயிரோடிருக்கும் பைசன் என்ற அந்தக் காட்டெருதுக்கு உருவம் ஒரு மாதிரி, தாய்வழி ரத்தம் வேறு மாதிரி. தாய்வழி மட்டும் நம் பசுவை ஒட்டி இருந்தது. மனிதன் வளர்த்த மாடு அண்மையில் கலந்ததா, ஆதியிலேயே கலந்ததா? பழைய பல் பேசினால் தெரிந்துவிடும்.

பல் பேசியது. பசுவைப் போலவே பேசியது. பேராசிரியர் அந்த மகிழ்ச்சியில் பெங்களூர் மாநாட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். ஆனால் சரிபார்க்கப் பக்கத்தில் வைத்த, ஒன்றுமே இருக்கக்கூடாத தண்ணீரும் அதையே பேசியதே!

"தண்ணியில வந்தது கலப்படம்னே வச்சுக்கோ. பல்லுல வந்தது நிஜமா இருக்கலாமில்லையா?" என்றார் பேராசிரியர்.

"இருக்கலாம் சார். ஆனா ரெண்டையும் நம்மால பிரிச்சுச் சொல்ல முடியாதே."

பத்து வருஷம் மாட்டு ரத்தம் புழங்கிய ஆய்வகம் அது. அவர் அலமாரியைத் திறந்தார். பிறகு மீதிப் பல்லை அவள் கையில் வைத்தார். "மாட்டு வாடையே படாத இடமாப் பாரும்மா. இதுவும் போச்சுன்னா பெங்களூர்ப் பேச்சை வாபஸ் வாங்கிடறேன்."

அப்படி ஓர் இடம் அவளுக்குத் தெரியும். பட்டாபிராமில் அவளும் கணவன் கலியமூர்த்தியும் கட்டிய வீடு. சுண்ணாம்பு வாசம்கூடப் போகவில்லை. வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். அன்றுதான் பசுவும் கன்றும் உள்ளே வரும்.

மாமியார் கன்னியம்மா கொதித்தாள். "பால் காச்சாத ஊட்ல செத்த மிருகத்துப் பல்லா? உனுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?"

கலியமூர்த்தி அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி உள்ளறையை வாங்கிக் கொடுத்தான். லோகநாயகி பிளீச்சிங் பவுடர் கரைத்துச் சுவரையும் தரையையும் கழுவினாள். அந்த வாரம் பால், தயிர் தொடவில்லை. தோல் செருப்பைக் குவார்ட்டர்ஸிலேயே விட்டாள்.

வியாழன் காலை. தலையில் தொப்பி, முகத்தில் துணி, கையில் புது உறை. பல்லின் தூளை ஊறவைத்த டியூபைத் திறந்திருந்தாள். பக்கத்தில் வெறும் தண்ணீர் டியூபும் திறந்திருந்தது. அப்போது, மாமியார் மாவிலை கட்டிக்கொண்டிருந்த வாசலில் மணிச் சத்தம்.

மாட்டுக்காரர் தசரதன் பசுவும் கன்றுமாக நின்றிருந்தார். "நாளைக்குக் காலைல எனுக்கு காட்டுப்பாக்கத்துல வேற ஊட்டு விசேஷம் கீது. இப்பவே பின்னால கட்டிட்டுப் போயிடறேன்."

கொல்லைக்குப் போக வீட்டுக்குள்தான் வழி. கன்று படியில் கால் வைத்துவிட்டது.

"அத்தே! உள்ள விடாதீங்க!" உள்ளிருந்து அலறினாள் லோகநாயகி. வெளியே ஓடினால் டியூபை மூட வேண்டும். ஊற்ற வேண்டிய மருந்தோ பாதிதான் ஊற்றியிருந்தது. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள்.

"வாசலுக்கு வந்த லட்சுமிய வெரட்டச் சொல்றியா?"

"வெரட்ட வேணாம் அத்தே. கொஞ்ச நேரம் நிறுத்துங்க. மூணு வருஷ உழைப்பு."

குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே வருகிறதா, போகிறதா? நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லாமல் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். இரண்டு மூடியும் 'டக்'கென்று விழுந்த பிறகுதான் மூச்சு வந்தது.

ஜன்னல் வழியே பார்த்தாள். கன்னியம்மா தெருவோரப் புங்கமர நிழலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அகத்திக்கீரையை ஊட்டியபடி நின்றிருந்தாள். அவளுடைய வாய் மருமகளைத் திட்டிக்கொண்டே இருந்தது.

டியூப்களை நெகிழிப் பையில் இறுக்கிக் கட்டி, வேறு கல்லூரியிலிருந்த, டி.என்.ஏ.வைப் பெருக்கும் எந்திரத்துக்கு எடுத்துப் போனாள். மறுநாள் பசு வீட்டுக்குள் வந்து, சரியாக அந்த அறையில் சாணம் போட்டது. கன்னியம்மாவுக்குப் பரம திருப்தி.

திங்களன்று படம் வந்தது. தண்ணீர் இருந்த இடம் கோடே இல்லாத கருப்பு. பல் இருந்த இடத்தில் மங்கலாக ஒரு கோடு. அடுத்த சில நாளில் அந்த டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் படித்துப் பார்த்தார்கள். பசுவுக்கு நெருக்கம்தான், ஆனால் அவர்களிடமிருந்த எந்தப் பசுவின் பதிவோடும் முழுசாகப் பொருந்தவில்லை. கலப்பு மிகப் பழையது என்பதற்கு ஒரு சாடை.

பேராசிரியர் பெங்களூரில் பழைய முடிவைக் கலப்படத்தால் வந்த தவறென்று சொல்லி, புதியதை ஒரே பல்லின் சாட்சி என்று மட்டும் வைத்தார். கைதட்டல் பலமாக இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த லோகநாயகிக்கு அது உறைக்கவேயில்லை. பல நாள் கழித்து அன்றுதான் அவள் தயிர்சாதம் ருசித்துச் சாப்பிட்டாள்.