துருவ நட்சத்திரத்துக்கு ஒரு சீட்டுக் குலுக்கல்

போன சனிக்கிழமை சாயங்காலம் இருட்டும் நேரம், பழவேற்காட்டில் என் சம்பந்தி மங்கை வீட்டு மொட்டை மாடியில் குப்புறப் படுத்துக்கிடந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. துருவ நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வானத்தைப் போட்டோ எடுக்கும் கிறுக்கு எனக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். டெலஸ்கோப்பைத் தாங்கும் மவுன்ட்டின் அச்சு, துருவ நட்சத்திரப் பக்கம் கச்சிதமாகத் திரும்பியிருக்க வேண்டும். அப்போதுதான் வானம் நகர நகர அதுவும் கூடவே திரும்பும். கொஞ்சம் பிசகினாலும் படத்தில் நட்சத்திரமெல்லாம் கோடு கோடாய் விழும். நம் பக்கத்திலோ அந்த நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டியே கிடக்கிறது. சென்னையில் எதிர் அப்பார்ட்மென்ட் மறைத்துவிடும். இங்கே வடக்கே வெறும் ஏரி. ஆனால் ஏரிக்காற்றுக்கு ஆடாமல் இருக்க ட்ரைபாட் கால்களைச் சுருக்கி வைத்ததில், மவுன்ட்டிலுள்ள குறிபார்க்கும் குட்டிக் குழாயில் கண் வைக்கத் தரையோடு தரையாகப் படுத்தாக வேண்டும்!

ஒருவழியாகக் குழாய்க்குள் தெரியும் வட்டத்தில் நட்சத்திரம் உட்கார்ந்தது. நிமிர்கிறேன் — மங்கை நிற்கிறார். பின்னால் தெருவே நிற்கிறது.

"எங்க சம்மந்தி நிலா காட்டுவாங்கன்னு அல்லார்கிட்டயும் சொல்ட்டேன்."

நிலாவா? நான் தேடி வந்ததே அமாவாசையை. போதாததற்கு, டெலஸ்கோப்பில் கண் வைக்கிற இடத்தில் கேமராவைத் திருகி மாட்டியாயிற்று. 'முடியாது' என்று சொல்ல வாயைத் திறந்தேன்... மங்கையின் முகத்தைப் பார்த்தேன். அவர் மகளை என் மகன் காதலித்துக் கட்டியபோது, "மெட்ராஸ்காரங்க உங்கள மதிக்க மாட்டாங்க" என்று சொன்னது இதே தெருதான். இப்போது எல்லார் முன்னாலும் நான் கையை விரித்தால்?

"நிலா இன்னிக்கு லீவு. துருவ நட்சத்திரம் பாருங்க" என்று குட்டிக் குழாயைக் காட்டினேன்.

யார் முதலில் என்று தள்ளுமுள்ளு. ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்பதை இங்கே சீட்டுக் குலுக்கித்தான் முறை வைப்பார்கள். 'பாடு' என்று பெயர். "பாட்டுக்குப் போடுற மாதிரி சீட்டு போடு!" என்றார் மங்கை. காலண்டர் தாள் கிழிந்தது. குண்டான் குலுங்கியது.

முதல் சீட்டு எதிர்வீட்டுக்காரருக்கு. படுத்தார், பார்த்தார். "இன்னா மங்கை, ஒரு பொட்டுதான் கீது. இத்தப் பாக்கவா சீட்டு?"

"அத்தினி நட்சத்திரத்துல ஒண்ணே ஒண்ண புட்சி வட்டத்துக்குள்ள குந்த வெச்சிக்கீறாங்க எங்க சம்மந்தி. உன்னால ஆவுமா?"

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு "சாப்பிட்டீங்களா?" தாண்டிப் பேசாத சம்பந்திகள் நாங்கள்!

வரிசை நகர்ந்தது. படுத்தவர்கள் எழுந்திருக்கும்போது பிடித்துக்கொண்டது எதை? ட்ரைபாட்டைத்தான். கடைசிச் சீட்டு மங்கைக்கு. அவருக்கு முந்தியவர் நல்ல கனத்த உடம்பு. ஊன்றி எழுந்ததில் ட்ரைபாட் கால் நகர்ந்தே விட்டது. சரிசெய்ய நான் குனிவதற்குள் மங்கை படுத்துவிட்டார்.

ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "சூப்பரா கீது!"

கூட்டம் படியிறங்கத் தொடங்கியதும் நான் கண் வைத்துப் பார்த்தேன். வட்டத்துக்குள் கும்மிருட்டு. நட்சத்திரமே இல்லை. நான்தான் அவர் மானத்தைக் காப்பாற்றியதாக அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்...

மங்கை என் காதருகே வந்தார். "அல்லாரும் போவட்டும், சம்மந்திம்மா. அப்பால எனக்கு மட்டும் காட்டுங்க."

மறுபடி குப்புறப் படுத்தேன். கேமராவை அன்று ஆன் செய்யவே இல்லை.