நாலாவது ஜன்னல்

விமானத்தை வாலைப் பிடித்துத் தூக்கினால் பல்லக்காவுக்குப் பொறுக்காது. "வயித்துக்கு அடியில கை குடுங்க. கைக்குழந்தைய எப்படித் தூக்குவீங்க?" என்பார். சொன்ன கையோடு தானே அதை வாங்கி, மூக்கிலிருந்து நீளும் ஊசிக்குழலை மெல்லிய தூரிகையால் ஒருமுறை வருடிவிட்டு, கண்ணாடி அலமாரியில் வைப்பார்.

பல் லேபில் செயற்கைப் பல் செய்வது அவர் வேலை. பெயர் அப்படி வந்ததுதான். இருபத்தாறு வருடமாக ஊரார் வாய்க்கெல்லாம் பல் வைத்தவர், தான் சிரிக்கும்போது மட்டும் வாயைக் கையால் மூடிக்கொள்வார்.

அலமாரியில் பதினேழு விமானங்கள். உள்ளங்கை நீளத்து உலோக வார்ப்புகள். அத்தனையும் ஆராய்ச்சி ஜெட்டுகளின் மாதிரிகள். போர் விமானமோ பயணிகள் விமானமோ பேருக்குக்கூடக் கிடையாது. ஏன் என்று கேட்டால், "இது குண்டு போடவும் போகாது, கல்யாணத்துக்குக் கூட்டிட்டும் போகாது. மேகத்துக்குள்ள போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லும். அவ்வளவுதான்," என்பார்.

அவருடைய அண்ணன் அப்படிப் போய்ப் பார்த்து வந்தவர். மழை மேகங்களை அளக்கும் ஜெட்டில் கருவிகளைக் கவனித்துக்கொண்டார். பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு புயலை அளக்கப் போன அந்த விமானம் திரும்பவில்லை.

அண்ணி அலமாரிப் பக்கமே வருவதில்லை. "எத்தனை வாங்கி அடுக்கினாலும் போனவர் வந்துடுவாரா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டார். அதன்பின் ஒரே வீட்டில் இருவருக்கும் சாப்பாடு, மாத்திரை, தண்ணீர் மோட்டார் தவிர வேறு பேச்சில்லை.

அண்ணன் போன அதே விமானத்தின் மாதிரி போன மாதம் விற்பனைக்கு வந்தது. உடனே வாங்கிவிட்டார். வாலில் எண் சரி. இறக்கைக்கு அடியில் தொங்கும் கருவிகள் சரி. இடப்பக்கம் நாலாவது ஜன்னலை மட்டும் காணோம். அந்த இடம் வழவழவென்று வெள்ளையாக இருந்தது. அண்ணன் உட்கார்ந்த இருக்கை அங்கேதான். தயாரித்தவர்களுக்குக் கடிதம் எழுதினார். வார்ப்பை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. மாதிரிகள் சேர்க்கும் நண்பர் ஒருவர், "அக்கா, நீங்களா கை வெச்சுடாதீங்க. துளை போட்டா பொருளே கெட்டுடும்," என்று பதறினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆளில்லாத லேபில் விமானத்தைப் பிடியில் இறுக்கினார். இருப்பதிலேயே சின்னத் துளைமுனையை எடுத்தார். கீழே வைத்துவிட்டு, யாருக்கோ செய்ய வேண்டியிருந்த கடைவாய்ப்பல் ஒன்றை முழுசாக முடித்தார். பிறகு துளைத்தார்.

வீட்டுக்கு வந்து, காய் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணியின் முன்னால் அதை வைத்தார்.

"என்ன இது?"

"அண்ணனோட விமானம். அவர் உட்கார்ந்த ஜன்னல விட்டுட்டாங்க. நான் வெச்சேன்."

அண்ணியின் கத்தி நின்றது. "எது?" என்றார்.

பல்லக்கா இடப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அண்ணி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். சுண்டுவிரல் நுனியை மெதுவாக ஜன்னல்மேல் வைத்தார். ஜன்னல் முழுக்க மறைந்துபோயிற்று. சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார்.